தெருவிளக்குக் கம்பம் முதல் சிறுத்தைத் தடம் வரை: சூழலைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"கருவி வாங்கியாச்சு, எங்கே மாட்டலாம்?" என்று கேட்டுத்தான் பெரும்பாலானோர் வருகிறார்கள். அது காற்றிலுள்ள தூசியை அளக்கும் சிறு சென்சார் பெட்டியாக இருக்கும். அல்லது தோட்டத்து ஓரம் சிறுத்தை வருகிறதா என்று பார்க்க வாங்கிய தானியங்கி கேமராவாக இருக்கும். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மாட்டுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கருவி எதைப் பார்த்தது என்பதை அதுவே பதிந்துகொள்ளும். எத்தனை மணி நேரம் பார்த்தது, எந்த நாட்களில் செத்துக் கிடந்தது, எந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்பதையெல்லாம் நீங்கள்தான் எழுத வேண்டும். அந்த இரண்டாவது கணக்கு இல்லாவிட்டால் முதலாவதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

இதற்கு இந்தியா கொடுத்த விலை பெரியது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2004 வரை பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகக் கணக்கு சொன்னது. 2005 தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது ஒரு புலிகூட இல்லை, வேட்டைக்காரர்கள் துடைத்துவிட்டிருந்தார்கள். அதுவரை நடந்தது காலடித் தடங்களை அச்செடுத்து எண்ணும் முறை. ஒரே புலியின் கால் மணலில் ஒரு மாதிரியும் ஈரச் சேற்றில் வேறு மாதிரியும் பதியும். ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அதைவிடப் பெரிய ஓட்டை, தேடியும் கிடைக்காத நாட்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை என்பதுதான். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் கேமராவையும் புள்ளியியலையும் சேர்த்துப் புலிகளைக் கணக்கிடலாம் என்று உல்லாஸ் காரந்த் 1995-லேயே காட்டியிருந்தார். சரிஸ்காவுக்குப் பிறகுதான் நாடு முழுவதும் அந்த வழிக்கு மாறியது.

கம்பத்தில் மாட்டினாலும் மரத்தில் கட்டினாலும் வேலையின் அடிப்படை ஒன்றே. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். காட்டுப் பகுதி நீளமாக இருக்கும். சிக்கலும் அங்கேதான் அதிகம்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எங்கள் தெருவில் காற்று எப்படி இருக்கிறது" என்பதை அளக்க முடியாது. "பள்ளி விடும் 3.30 முதல் 4.30 வரை வாசலில் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசி) மற்ற நேரத்தைவிட எவ்வளவு கூடுகிறது" என்பதை அளக்கலாம். எங்கே மாட்டுவது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பது, எத்தனை நாள் ஓட்டுவது என்ற மூன்றுக்கும் இரண்டாவது வரியிலேயே விடை இருக்கிறது.

ஊனுண்ணிகள் விஷயத்தில் மூன்று கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இருக்கிறதா? எங்கெல்லாம் இருக்கிறது? எத்தனை இருக்கிறது? முதலாவதற்கு நாலைந்து கேமராவும் பொறுமையும் போதும். இரண்டாவதற்கு நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பலமுறை போக வேண்டும். மூன்றாவதற்குத் தனித்தனி விலங்கை அடையாளம் காணும் வழி வேண்டும். புலிக்கு வரி, சிறுத்தைக்குப் புள்ளி இருக்கிறது. செந்நாய்க்கும் நரிக்கும் உடலில் அப்படி ஒரு கையெழுத்து இல்லை. அவற்றின் எச்சத்திலிருந்து மரபணுவை எடுத்துத்தான் எண்ண வேண்டும். கேமராவில் செந்நாய் 40 தடவை விழுந்தது என்பதால் 40 செந்நாய் என்று ஆகிவிடாது. ஒரே கூட்டம் தினமும் அந்த வழியாகப் போயிருக்கலாம்.

இரண்டாம் படி: அனுமதி, அக்கம்பக்கம்

காப்பகத்துக்குள் ஆய்வு செய்யவோ படம் எடுக்கவோ 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். அது இல்லாமல் காட்டுக்குள் கேமரா கட்டுவது குற்றம். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரின் ஒப்புதலோடு, அந்தப் பகுதி வனவரிடமும் சொல்லிவிடுங்கள். மின்கம்பத்தில் எதை மாட்டுவதாக இருந்தாலும் உள்ளாட்சி நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியும், மின் இணைப்பைத் தொட உரிமம் பெற்ற ஆளும் வேண்டும். நீங்களே ஏணி போட்டு ஏறாதீர்கள்.

காகிதத்தைவிடக் கடினமான அனுமதி அங்கே வாழ்பவர்களுடையது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 2016-ல் முடிவெடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளில் சென்சாரும் கேமராவும் பொருத்தினார்கள். மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்தையும் பார்க்கிங்கையும் எண்ணலாம் என்று சொல்லித்தான் செலவுக்கு ஒப்புதல் வாங்கினார்கள். 2018 முதல் அந்தப் படங்களைக் காவல்துறை குற்ற விசாரணைக்கு எடுக்கத் தொடங்கியது. விஷயம் வெளியே தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள். 2020-ல் மேயர் அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னார். கருவி பழுதாகி நிற்கவில்லை. எதற்கு என்று சொன்னார்களோ அதற்கு மேல் போனதால் நின்றது. அதே 2016-ல் சிகாகோவில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடமும் சிகாகோ பல்கலைக்கழகமும் நகர நிர்வாகமும் சேர்ந்து சிக்னல் கம்பங்களில் சென்சார் பெட்டிகளை மாட்டத் தொடங்கின. பின்னர் அவை நூறைத் தாண்டின. தனியுரிமைக் கொள்கையை முன்பே எழுதி மக்கள் கருத்துக்கு வைத்தார்கள். படத்தைப் பெட்டிக்குள்ளேயே கணினி படித்து, எத்தனை வண்டி, எத்தனை ஆள் என்ற எண்ணிக்கையை மட்டும் அனுப்பிவிட்டுப் படத்தை அழித்துவிடும்படி அமைத்தார்கள். நீங்கள் செய்யப்போவது பத்துப் பெட்டி வேலையாக இருந்தாலும் இந்த இரண்டாவது வழியில் செய்யுங்கள்.

காட்டோரக் கேமராவிலும் ஆட்கள் விழுவார்கள். விறகு எடுக்க வரும் அம்மாக்கள், ஒதுங்க வருபவர்கள், குறுக்கு வழியில் வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் படங்களை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை ஊரில் முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னபடி அழியுங்கள். இதைச் செய்யாத இடங்களில் கேமரா காணாமல் போகும். போனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாம் படி: கம்பத்தில் மாட்டுவது

தெருவிளக்குக் கம்பம் ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறது? ஊர் முழுக்கச் சீரான இடைவெளியில் நிற்கிறது, கைக்கு எட்டாத உயரம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. இதில் மூன்றாவதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலான தெருவிளக்குகளுக்கு ஸ்விட்ச் கம்பத்தில் இல்லை. தெருமுனைப் பெட்டியில் மொத்த வரிசைக்கும் சேர்த்து இருக்கிறது. காலை விளக்கு அணையும்போது கம்பத்துக்கு வரும் மின்சாரமும் நின்றுவிடும். காலை எட்டு மணி நெரிசலை அளக்க வைத்த பெட்டி சரியாக அந்த நேரத்தில் உயிரில்லாமல் இருக்கும். இரவில் சார்ஜ் ஏறிப் பகல் முழுதும் தாங்கும் பேட்டரி, அல்லது சிறு சோலார் தகடு கட்டாயம்.

உயரம் தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் இருக்கட்டும். அதற்குக் கீழே என்றால் கை வைப்பார்கள். மேலே போகப் போக மனிதர் சுவாசிக்கும் காற்றிலிருந்து விலகிவிடும். விளக்கின் தலைக்கு அருகில் வேண்டாம், அங்கே சூடு. இரும்புக் கம்பத்தோடு ஒட்டியும் வேண்டாம்; சித்திரை வெயிலில் கம்பமே கொதிக்கும், வெப்பநிலை அளவு காற்றைச் சொல்லாமல் கம்பத்தைச் சொல்லும். ஒரு சாண் தள்ளி, வெள்ளைப் பெட்டிக்குள், காற்று புகும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாய்க்கு மெல்லிய வலை போடுங்கள். விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும்; சிலந்தி வலை ஓர் இழை உள்ளே அசைந்தால் போதும், தூசி அளவு எகிறிவிடும். டீக்கடை அடுப்பு, ஜெனரேட்டர் புகைக்குழாய், பரோட்டாக் கல் ஆகியவற்றிலிருந்து தள்ளியிருக்கட்டும், உங்கள் கேள்வியே அவற்றைப் பற்றியது என்றால் ஒழிய.

மலிவான தூசி சென்சார்கள் துகளைப் பிடித்து எடை போடுவதில்லை. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்து ஊகிக்கின்றன. காற்றில் ஈரம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். சென்சார் அதைக் கூடுதல் தூசி என்று படிக்கும். மார்கழி விடியற்காலையில் உங்கள் அளவு திடீரென ஏறினால், கோலம் போட எழுந்தவர்கள் யாரும் தூசி கிளப்பவில்லை, பனிதான் வேலை செய்திருக்கலாம். ஆகவே பெட்டிக்குள் ஈரப்பத சென்சாரும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. மாட்டும் முன் எல்லாப் பெட்டிகளையும் ஒரே மொட்டைமாடியில் பக்கம் பக்கமாக வைத்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பது தெரிந்துவிடும். முடிந்தால் அரசின் தொடர் கண்காணிப்பு நிலையத்துக்கு அருகில் இதைச் செய்யுங்கள். சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலியில் அப்படிப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் அளவுக்கும் நிலையத்தின் அளவுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்து அதை வைத்துத் திருத்துங்கள். வேலை முடிந்து கழற்றிய பிறகும் இதையே இன்னொரு தடவை செய்ய வேண்டும், ஏனென்றால் சென்சார் நாளாக ஆகத் தடுமாறும். எளிய சோதனை ஒன்றும் உண்டு. போகிக் காலையும் தீபாவளி இரவும் உங்கள் வரைபடத்தில் மலைபோல் எழுந்து நிற்க வேண்டும். எழவில்லை என்றால் மற்ற நாள் அளவுகளையும் நம்பாதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பெட்டிகள் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. காலை எட்டு மணி நெரிசல் வரைபடத்தில் அதிகாலை 2.30-க்குத் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஒரு மணி நேரச் சராசரி போடுவதானால் அந்த மணியில் முக்கால்வாசி அளவாவது வந்திருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் அந்த மணி காலியாகவே இருக்கட்டும்; முன்னும் பின்னும் பார்த்து நிரப்பாதீர்கள். பிஎம் 2.5-க்கு இந்தியத் தரம் 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. இரண்டுமே 24 மணி நேரத்துக்கானவை. பத்து நிமிடம் 90 காட்டியதை அவற்றோடு ஒப்பிட்டுப் பரபரப்பு கிளப்பினால் அடுத்த முறை உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

நான்காம் படி: கேமராவுக்கு முன் கால்

காட்டில் முதல் வேலை நடப்பது. விடியலில், வெயில் சாய்வாக விழும்போது, வண்டித்தடம், வறண்ட ஓடை, குட்டையோரம் என்று நடந்தால் தடம் துலங்கித் தெரியும். பூனைக் குடும்பத்தின் தடத்தில் நகம் பதியாது. நாய், நரி, செந்நாய், கழுதைப்புலி ஆகியவற்றில் பதியும். பூனையின் பின்பாதத் திண்டின் கீழ்விளிம்பில் மூன்று மடிப்பு தெரியும். சிறுத்தையின் தடம் வளர்ந்தவரின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். புலியினுடையது விரல்வரை ஓடிவிடும். புலிக்குட்டியை இதில் மறக்காதீர்கள், அதன் தடத்தைச் சிறுத்தை என்று எழுதிய நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எச்சத்தில் மயிரும் எலும்புத் துண்டும் இருக்கும். பின்கால்களால் மண்ணை வாரி இழுத்த கீறல் பாதையோரம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வைத்துப் படமும் ஜிபிஎஸ் புள்ளியும் எடுங்கள்.

எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். ஒரு கட்டத்தில் சிறுத்தை இருக்கிறது, ஒருமுறை நடந்தால் அடையாளம் கண்ணில் படும் வாய்ப்பு நூற்றுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை நடந்துவிட்டு "இல்லை" என்று சொன்னால் பத்தில் ஏழு தடவை பொய் சொல்கிறோம். மூன்று முறை நடந்தால் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 34 ஆகும். ஆறு முறை நடந்தால் 12-க்கு வரும். எத்தனை முறை போனோம், எத்தனையில் கண்டோம் என்பது இருந்தால்தான் இந்த வாய்ப்பையே கணக்கிட முடியும். ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போவது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கூட வருபவர் யார் என்பதும் முக்கியம். அந்தக் காட்டில் வளர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் அரை நாளில் காட்டித் தருவதை, வெளியிலிருந்து வந்தவர் பத்து நாளில் கண்டுபிடிக்க மாட்டார். அவருக்குக் கூலி கொடுங்கள், அறிக்கையில் அவர் பெயரையும் போடுங்கள்.

ஐந்தாம் படி: கேமரா கட்டுவது

பரப்பைக் கட்டங்களாகப் பிரியுங்கள். இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்று வைக்கிறார்கள். 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, கிடைத்த ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் படங்களில் புலி இருந்தவை 76,651. கட்டத்துக்குள் எந்த இடம் என்பதை நான்காம் படியில் நடந்த கால்கள் சொல்லும். இரண்டு வழிகள் சேரும் முனை, ஓடை இறங்கும் இடம், பாதை குறுகும் கணவாய் ஆகியவை நல்லவை. எந்த விலங்கும் மனிதரைப் போல வசதியான வழியைத்தான் தேடும்.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேமரா, பாதைக்கு இருபுறமும். புலிக்கும் சிறுத்தைக்கும் இடப்பக்கக் கோலம் வேறு, வலப்பக்கக் கோலம் வேறு. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் இந்த இடதும் அந்த வலதும் ஒரே விலங்கா என்று சொல்ல முடியாது. நேருக்கு நேர் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கச் செய்துவிடும். உயரம் தரையிலிருந்து 40, 45 சென்டிமீட்டர். புனுகுப்பூனை, கீரி, காட்டுப்பூனைதான் உங்கள் இலக்கு என்றால் அதையும் பாதியாக்குங்கள். வடக்கு அல்லது தெற்கு பார்த்து வைப்பது நல்லது. கிழக்கு, மேற்கு என்றால் சூரியன் நேரே கண்ணாடியில் விழும்.

இந்தக் கேமராக்கள் விலங்கின் உடல் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைக் கண்டுதான் இயங்குகின்றன. உச்சி வெயிலில் பாறையும் விலங்கும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் விலங்கு முன்னால் நடந்தாலும் கேமரா தூங்கும். வெயிலில் ஆடும் ஒரு புல் இதழோ ஆயிரம் வெற்றுப் படங்களைக் கொடுக்கும். எனவே முன்னாலுள்ள புல்லையும் சிறு கிளையையும் ஒதுக்குங்கள். மரத்தை வெட்ட வேண்டாம். கட்டி முடித்ததும் நான்கு காலில் தவழ்ந்து குறுக்கே போய்ச் சோதியுங்கள். நின்று நடந்து சோதிப்பது போதாது, சிறுத்தை உங்கள் முழங்கால் உயரம்தான்.

ஃபிளாஷ் எந்த வகை என்பதும் யோசிக்க வேண்டியது. வெள்ளை ஃபிளாஷில் வரி தெளிவாக வரும். அகச்சிவப்பு ஒளி விலங்கை அவ்வளவாகக் கலைக்காது, ஆனால் படம் மங்கும். இதற்கு நேர்மாறான ஓர் அழகான உதாரணம் மலாய்த் தீபகற்பத்தில் உண்டு. அங்குள்ள சிறுத்தைகளில் அநேகமாக எல்லாமே கருஞ்சிறுத்தைகள்; சாதாரணப் படத்தில் கரிய நிழல்தான் தெரியும், எண்ண வழியில்லை. கேமராவின் ஒளி உணரும் பகுதியை மறைத்துப் பகலிலும் அகச்சிவப்பில் எடுக்கவைத்தபோது கரும் மயிருக்கு அடியிலிருந்த புள்ளிகள் துலங்கி வந்தன. அதை வைத்தே எண்ணி, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள்.

இரை வைத்து இழுக்காதீர்கள். தெருவோரத்தில் அது ஆபத்து, கணக்கையும் கெடுக்கும். எல்லாக் கேமராவும் ஒரே காலத்தில், 25 முதல் 45 நாள் ஓடினால் போதும். இதற்கு மேல் நீட்டினால் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு எல்லாம் கலந்து எண்ணிக்கை குழம்பும்.

ஆறாம் படி: நோட்டு

நான் முதலில் பார்த்துக்கொண்ட கேமராக்களில் ஒன்று தேயிலைத் தோட்டத்தின் கீழ்ச்சரிவில் இருந்தது. ஒரு நாள் மூடியைத் திறந்தேன். பேட்டரி அறை முழுக்கச் சிற்றெறும்பு, வெள்ளை முட்டைகளோடு. மென்தூரிகையால் தட்டித் துடைத்து, பேட்டரியை மாற்றி மூடிவிட்டு வந்தேன். பன்னிரண்டு நாள் கழித்துக் கார்டைப் போட்டுப் பார்த்தால் பெண் சிறுத்தையும் இரண்டு குட்டிகளும் அழகாக விழுந்திருந்தன. தேதி ஜனவரி 1, நள்ளிரவு 12.40. இடையில் எப்போதோ கடிகாரம் தொடக்கத்துக்கே போயிருக்கிறது. எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாததால் அந்தப் படங்களைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கேமராவைத் தொடும்போதும் முதலிலும் கடைசியிலும், நேரம் காட்டும் கைபேசித் திரையையும் இடத்தின் எண்ணெழுதிய சிலேட்டையும் கேமரா முன் பிடித்துப் படம் எடுக்கிறேன். கடிகாரம் தவறினாலும் எவ்வளவு தவறியது என்று கணக்கிட்டுத் திருத்திவிடலாம். நீங்களும் இதை விடாமல் செய்யுங்கள். கூடவே எழுத வேண்டியவை: பேட்டரி எத்தனை சதவீதம், கார்டு எண், கேமரா திரும்பியிருந்ததா, யானை பிடுங்கிப்போட்டதா, கடைசியாக எந்தத் தேதிவரை படம் இருக்கிறது. 40 இடம், 30 இரவு என்றால் 1,200 கேமரா இரவு. மூன்று இடத்தில் கேமரா பத்துப் பத்து நாள் செத்துக் கிடந்திருந்தால் கணக்கு 1,170. இந்த முப்பதைக் கழிக்காமல் விட்டால், கேமரா தூங்கிய இடம் விலங்கு இல்லாத இடமாக வரைபடத்தில் ஏறிவிடும்.

ஏழாம் படி: படம் பிரித்தல், அடையாளம் காணல்

வெற்றுப் படங்களையும் ஆட்களையும் வண்டிகளையும் ஒதுக்க இப்போது கணினியே உதவுகிறது. மெகாடிடெக்டர் போன்ற இலவச நிரல்கள் அதற்கு நன்றாக இருக்கின்றன. இனம் எது என்று கணினி சொல்வதை மனிதக் கண் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

தனி விலங்கைப் பிரிப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள். இரண்டு வலப்பக்கப் படங்களைத் திரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். மொத்தத் தோற்றத்தைப் பார்க்காதீர்கள். கால் எடுத்து வைக்கும் விதத்தில் தோல் இழுபட்டு வேறு விலங்குபோல் காட்டும். விலாவின் நடுவில் வித்தியாசமான ஒரு புள்ளிக் கொத்தைத் தேர்ந்தெடுங்கள். உடைந்த வளையம் ஒன்று, அதற்கு மேல் ஒட்டிய இரண்டு பொட்டுகள், வலப்புறம் நீண்ட ஒரு கறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே வரிசை மற்ற படத்தில் இருக்கிறதா? இருந்தால் தொடையில் இன்னொரு கொத்து, முன்தோளில் இன்னொரு கொத்து. மூன்றும் பொருந்தினால் ஒரே சிறுத்தை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஒப்பிடுவதுதான் முறை. ஒத்துப்போகாதவற்றைத் "தெரியவில்லை" என்று தனியே வையுங்கள்.

எட்டாம் படி: எண்ணிக்கை

படத்தில் விழுந்தவற்றின் எண்ணிக்கை, இருப்பவற்றின் எண்ணிக்கை ஆகாது. அடிப்படைக் கணக்கு இது. முதல் பாதி நாட்களில் 12 சிறுத்தைகள் விழுந்தன. இரண்டாம் பாதியில் 10. அந்தப் பத்தில் ஏற்கெனவே பார்த்தவை 5, அதாவது பாதி. அப்படியென்றால் முதலில் பார்த்த 12-உம் மொத்தத்தில் ஏறக்குறையப் பாதியாக இருக்க வேண்டும், மொத்தம் 24. நடைமுறையில் எந்த விலங்கு எந்தக் கேமராவில் விழுந்தது என்ற இடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளியியல் நிரல்களைப் பயன்படுத்துகிறார்கள். அவை 100 சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று சொல்லும், எவ்வளவு கூடலாம், குறையலாம் என்றும் சொல்லும். அந்த வீச்சை ஒருபோதும் விட்டுவிட்டு எழுதாதீர்கள். இந்தியாவின் 2022 கணக்கிலேயே குறைந்தது 3,167 புலிகள், சராசரி மதிப்பீடு 3,682 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன.

ஒன்பதாம் படி: வரைபடம்

மூன்று நிறம் வேண்டும். பார்த்தோம், இருந்தது. பார்த்தோம், கிடைக்கவில்லை. பார்க்கவே இல்லை. கடைசி இரண்டையும் வெள்ளையாக விட்டுவிடும் வரைபடங்களே அதிகம். அவை ஆய்வாளர் எங்கே நடந்தார் என்பதைத்தான் காட்டுகின்றன. காற்று அளவு வரைபடத்திலும் இதேதான். பெட்டி இல்லாத வார்டுக்குப் பச்சை அடித்துவிட்டால் அங்கே காற்று சுத்தம் என்று ஊர் நம்பிவிடும். பெரும்பாலும் பெட்டி போகாத இடம் ஏழைகள் இருக்கும் இடமாகவும் இருக்கிறது.

விலங்குகளின் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளியை யாருக்கும் வெளியிடாதீர்கள். கட்டத்தின் எண்ணை மட்டும் சொல்லுங்கள். சமூக ஊடகத்தில் படம் போடும்போது அதனுள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள். 2013-ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் காலர் மாட்டிய ஒரு புலியின் இருப்பிடம் வந்து சேரும் மின்னஞ்சலை யாரோ திறக்க முயன்றார்கள். உங்கள் கணினிக்கும் நல்ல கடவுச்சொல் போடுங்கள்.

பத்தாம் படி: அளந்ததை அங்கேயே திருப்பிக் கொடுங்கள்

இதைக் கடைசியில் சொன்னாலும் முதலிலேயே திட்டமிட வேண்டும். மும்பையின் நடுவே ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டரில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கும் அதை ஒட்டிய ஆரே பகுதியிலும் கேமரா வைத்து 2015-ல் 35 சிறுத்தைகளை அடையாளம் கண்டார்கள். அந்த எண் வெறும் எண்ணாக நிற்கவில்லை. சிறுத்தை அண்டை வீட்டில்தான் இருக்கிறது, இருட்டில் குழந்தையைத் தனியே அனுப்பாதீர்கள், குப்பையும் தெருநாயும் சேரவிடாதீர்கள் என்று குடியிருப்புகளில் சொல்ல அது கைக்கு வந்தது. உங்களுக்கு ஒரு பக்கத் தமிழ் அறிக்கை போதும். டீக்கடையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டுங்கள். எந்த நேரத்தில் அதிகம் நடமாட்டம், எந்தப் பாதையில், அந்தப் பாதையில் எந்த விளக்கு எரியவில்லை என்பது அதில் இருக்கட்டும்.

விளக்கையும் விலங்கையும் ஒன்றாகச் சேர்த்த ஏற்பாடு நம் ஊரிலேயே இருக்கிறது. வால்பாறை மேட்டுநிலத்தில், யானை பக்கத்தில் இருப்பது தெரியாமல் எதிரே போய்விடுவதால்தான் பெரும்பாலான உயிரிழப்புகள் என்று கண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழுவினர், வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து முன்னெச்சரிக்கை முறையை உருவாக்கினார்கள். யானை நிற்கும் இடம் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும், தோட்டத் தொழிலாளர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் போகிறது. முக்கிய இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கிறது. கைபேசி அழைப்பு ஒன்றிலேயே அதை ஒளிரவைக்கலாம். தொழிலாளர்கள் சிலரும் அதை இயக்கப் பழகியிருக்கிறார்கள். கடைசிப் பேருந்தில் இறங்குகிறவர் வளைவில் அந்தச் சிவப்பைக் கண்டால், லைன் வீட்டுக்குக் குறுக்கு வழியில் போகாமல் அங்கேயே நின்று துணைக்கு ஆள் தேடுவார்.